விசிறிக் காற்றில் ஆறும் 6063, தண்ணீர் கேட்கும் 7075

அலுமினிய ஜன்னல் சட்டம் செய்கிறவர் அதைப் பெரும்பாலும் தண்ணீரில் முக்குவதில்லை. அச்சிலிருந்து 500 டிகிரிக்கு மேல் சூடாகப் பிதுங்கி வரும் 6063 என்ற அலுமினியக் கலவைச் சட்டத்தின்மேல் விசிறிக் காற்று பட்டால் போதும். பிறகு 180 டிகிரி அளவில் சில மணி நேரம் அடுப்பில் இருந்தால் வலு ஏறிவிடும். இதே சலுகையை 7075 என்ற வலுமிக்க அலுமினியக் கலவைக்குக் காட்டினால் காசு கொடுத்து வாங்கிய பலத்தில் பெரும்பங்கு போய்விடும்.

இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். சூட்டில் கரைந்த தனிமங்களை வெளியே வரவிடாமல் சட்டென்று குளிரவைக்கிறோம். பிறகு மிதமான சூட்டில், சில நானோமீட்டர் அளவுள்ள வீழ்படிவுகளாகப் பிரியவிடுகிறோம். உலோகம் வளையும்போது படிக அடுக்குகள் வழுக்கி நகராதபடி இந்தப் பொடித்துகள்கள்தான் வழிமறிக்கின்றன.

6063-இல் மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்தே ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். 7075-இல் துத்தநாகம் மட்டும் 5.6, மக்னீசியம் 2.5, செம்பு 1.6 சதவீதம். இத்தனை கூட்டம் வாசலைத் தேடாமல் இருக்குமா? 400 முதல் 290 டிகிரி வரையிலான இறக்கத்தில் தாமதித்தால், ஜீரா மெல்ல ஆறும்போது ஓரத்தில் கற்கண்டு கட்டுவதுபோல, படிக எல்லைகளில் பருமனான வீழ்படிவுகள் உட்கார்ந்துவிடும். போதாததற்கு, 7075-இல் உள்ள குரோமியத் துகள்கள் அவற்றுக்குத் திண்ணை போட்டுக் கொடுக்கின்றன. தடித்த பாகங்களுக்காக வந்த 7050 என்ற கலவையில் குரோமியத்தை விட்டு சிர்கோனியத்தைச் சேர்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பலனும் அதற்கேற்றதுதான். நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம் 6063-டி6-இல் (டி6 என்றால் மேலே சொன்னபடி குளிரவைத்து, அடுப்பில் வலுவேற்றிய நிலை) ஏறத்தாழ 215 மெகாபாஸ்கல், 7075-டி6-இல் 500. பதம் தளர்த்திய நிலையில் இதே 7075 வெறும் 100-தான்.

அப்படியானால் எப்போதும் குளிர்நீரா? தடித்த கட்டிக்கு அதில் ஒரு வம்பு உண்டு. தோல் முதலில் சுருங்கும், உள்ளே பிறகு சுருங்கும்; அந்த இழுபறி உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு பக்கத்தைக் கடைந்துவிட்டுப் பிடிப்பைத் தளர்த்தினால் பாகம் அப்பளம்போல் நெளியும். 60, 70 டிகிரி வெந்நீர் இதைக் குறைக்கும், ஆனால் வலிமையிலும் கொஞ்சம் கேட்கும். என் தேர்வு: தட்டையான கனத்த பிளேட்டுக்குக் குளிர்நீர், பிறகு இரண்டு சதவீத அளவில் இழுத்து நீட்டுதல், மெல்லிய தகட்டுக்குக் கிளைகால் வகைப் பாலிமர் கலந்த நீர். அந்தப் பாலிமர் படலம் சீராகப் படிவதால் தகடு முறுக்கிக்கொள்வது குறையும்.

எந்தத் தொட்டியானாலும் அடுப்புக் கதவு திறந்ததும் நேரம் ஓடத் தொடங்கிவிடும். விமானத் துறை நடைமுறையில் தடித்த பாகத்துக்கே தொட்டியில் முழுக 15 வினாடிதான். மெல்லிய தகட்டுக்கு இன்னும் குறைவு. நான் பார்த்த ஒரு பட்டறையில் 2 மி.மீ. தகடுகள் இருந்த கூடை, கிரேன் கொக்கி சிக்கி, அரை நிமிடம் அந்தரத்தில் நின்றது. அடுப்பில் 120 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தும் கடினத்தன்மை தேறவில்லை. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் ஏறவில்லை. கடைசியில் மறுபடி 470 டிகிரியிலிருந்துதான் தொடங்கினார்கள், கொக்கியைச் சரிசெய்த பிறகு.