காரைக்குடியில் இத்தாலிய வகுப்பு: வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழுகிறது?

கானாடுகாத்தானின் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் பணியில் இருப்பதால், இத்தாலியிலிருந்து வருவோரிடம் அவர்கள் மொழியிலேயே பேச விரும்பி, காரைக்குடியில் நடக்கும் மூன்று மாத மாலை வகுப்பில் சேர்ந்தேன். கைப்பேசியில் படித்த இத்தாலியம் முன்பே ஓரளவு இருந்தது. ஆனால் வீட்டின் உள்முற்றமான வளவில் நின்று, ‘இங்கே இரண்டு குடும்பங்கள் வசிக்கின்றன’ என்று சொல்ல முயன்று ‘அ-பி-தா-னொ’ என்றபோது, எதிரே நின்ற தம்பதியருக்கு அது விளங்கவில்லை. ‘ஆ-பி-த-னொ’ என்று முதல் அசையை அழுத்தியிருக்க வேண்டும்.

இந்த வகுப்பின் சிறப்பு, அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதிக்காட்டுவதுதான். இத்தாலியச் சொற்களில் பெரும்பாலும் ஈற்றயல் அசையே, அதாவது கடைசிக்கு முந்தைய அசையே, அழுத்தம் பெறும் என்பதால், படிப்பவர் அதையே எங்கும் பின்பற்றிவிடுகிறார். நிகழ்காலத்தில் ‘நான்’ என்பதற்குரிய வடிவத்தில் அழுத்தம் எங்கே விழுகிறதோ, ‘அவர்கள்’ என்பதற்குரிய வடிவத்திலும் அங்கேயே நிற்கும்: ‘பேசுகிறேன்’ என்பது பார்-லொ, ‘பேசுகிறார்கள்’ என்பது பார்-ல-னொ. ஆனால் ‘பேசுகிறோம்’ என்பது பர்-லியா-மொ, ‘பேசுகிறீர்கள்’ என்பது பர்-லா-தெ என்று அழுத்தம் விகுதிக்கு நகர்கிறது. ‘தொலைபேசுகிறார்கள்’ என்பதற்கான தெ-லே-ஃபொ-ன-னொ என்ற சொல்லில் கடைசியிலிருந்து நான்காம் அசை அழுத்தம் பெறுவதைக் கேட்டபோதுதான் இந்த விதியின் வலிமை எனக்குப் புரிந்தது.

நெடில், குறிலாக எழுதிக்காட்டும் இந்த முறை முழுக்கச் சரியானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ‘பார்’ போல ஒற்றில் முடியும் அசையிலும் சொல்லின் கடைசி அசையிலும் அழுத்தம் விழுந்தாலும், அங்கே உயிர் உண்மையில் நீள்வதில்லை. ஆசிரியர் இதை முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம்.

அசை பிரித்தலைச் சுருக்கமாகவே நடத்தினார். இரட்டை மெய் நம் ‘பட்-டு’ போலப் பிரியும்; ஆனால் ‘புரிகிறது’ என்று பொருள்படும் சொல்லை எழுத்தில் க-பீ-ஸ்கொ என்றே பிரிக்க வேண்டும், ஒற்றை முந்தைய எழுத்தோடு சேர்க்கும் நம் யாப்புப் பழக்கம் அங்கே உதவாது.

பயிற்சி ஏடுதான் பெருங்குறை. இத்தாலிய எழுத்தில் அழுத்தக்குறி கடைசி அசைக்கு மட்டுமே கட்டாயம். பர்-லோ, அதாவது ‘பேசினார்’ என்பதற்கு அது உண்டு, பார்-லொவுக்கு இல்லை. கற்பவருக்கென அச்சிட்ட ஏட்டிலாவது எல்லா வினைகளுக்கும் குறி இட்டிருக்க வேண்டும். சேருபவர்கள் முதல் நாளே பென்சிலோடு போய், ஆசிரியர் உச்சரிக்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள்.