டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட், சி.ஓ.ஏ. – மதுரையில் 20 வருஷம் கையில் வைத்திருந்து பார்த்த அனுபவம்

திருமங்கலத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு அப்பா என்னை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார். லோயர் என்பது முதல் நிலைப் பரீட்சை, ஹையர் என்பது மேல்நிலை. இங்கிலீஷ் லோயர், ஹையர், தமிழ் லோயர், ஹையர், அப்புறம் இங்கிலீஷ் ஷார்ட்ஹேண்ட் (சுருக்கெழுத்து) லோயர் என்று 2004-க்குள் ஐந்து சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். சி.ஓ.ஏ. என்ற ஆபீஸ் ஆட்டோமேஷன் கம்ப்யூட்டர் பரீட்சை வேலைக்குப் போன பிறகு எழுதியது. 2005-லிருந்து மதுரையில் நான்கு இடங்களில் செக்ரட்டரியாக இருந்திருக்கிறேன். இந்தச் சர்டிபிகேட்டுகளை முதலாளிகள் மதிக்கிறார்களா என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அரசு வேலை கணக்கே வேறு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்குத் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் இருப்பவர்களுக்குத்தான் முதல் இடம், ஒன்றில் ஹையர் மற்றதில் லோயர் என்பவர்கள் அதற்கடுத்துதான். அங்கே சர்டிபிகேட் இல்லை என்றால் பேச்சே இல்லை. குழப்பமெல்லாம் தனியார் வேலையில்தான்.

என் முதல் வேலை ஒரு வக்கீல் ஆபீஸில். 2004 ஜூலையில் ஹைகோர்ட் கிளை மதுரைக்கு வந்தது, அடுத்த வருஷமே ஒத்தக்கடை, கே.கே. நகர் பக்கம் வக்கீல் ஆபீஸ்களில் டைப் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபைலை நீட்டினேன், சார் திறந்துகூடப் பார்க்கவில்லை. கையால் எழுதிய இரண்டு பக்க அஃபிடவிட்டைக் கொடுத்து, "அடிச்சுக் கொண்டாம்மா" என்றார். அடித்துக் கொடுத்ததைப் படித்துப் பார்த்துவிட்டு மறுநாளே வரச் சொன்னார். சம்பளம் 3,500. நான் ஹையர் பாஸா, முதல் வகுப்பா என்று நான்கு வருஷத்தில் ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

அதற்கு நேர் எதிர் 2009-ல் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில் நடந்தது. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். அந்த இன்னொரு பெண் என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினாள், டிகிரியும் இருந்தது. வேலை எனக்குக் கிடைத்தது. ஏன் என்று ஆறு மாதம் கழித்து எச்.ஆர். மேனேஜரிடமே கேட்டேன். "சென்னை ஹெட் ஆபீஸுக்கு நான் காரணம் எழுதணும்மா, உங்க பேருக்கு எதிரில் எழுத ஹையர் ரெண்டு இருந்தது" என்றார். எனக்கு எல்லாம் புரிந்தது அன்றைக்குத்தான். ஆளை எடுப்பவர் இன்னொருவருக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தால் சர்டிபிகேட் கேட்பார், தானே முதலாளியாக இருந்தால் கையைத்தான் பார்ப்பார். அதற்கப்புறம் போன இடங்களிலும் இது மாறவில்லை. டிரஸ்ட் நடத்தும் நிறுவனம், பெரிய ஆஸ்பத்திரி, வெளியூர் ஹெட் ஆபீஸ் உள்ள கம்பெனி எல்லாம் முதல் வகை. மாசி வீதி ஜவுளிக்கடை, மாட்டுத்தாவணி பக்கத்து மொத்த வியாபாரம், வக்கீல், ஆடிட்டர் எல்லாம் இரண்டாவது வகை. இன்டர்வியூவுக்குப் போகும் முன் எந்த வகை என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

என்னிடம் இருப்பதில் எது அதிகம் உழைத்தது என்று கேட்டால், யோசிக்காமல் தமிழ் ஹையர் என்பேன். எழுதும்போது இது வீண் வேலை என்று நினைத்தேன். இங்கிலீஷ் எல்லாரும் எப்படியாவது அடித்துவிடுகிறார்கள். ஆனால் கலெக்டர் ஆபீஸுக்கு மனு, மாநகராட்சிக்குக் கடிதம், தொழிலாளர்களுக்கு நோட்டீஸ் என்று வரும்போது மொத்த ஆபீஸிலும் தமிழ் அடிக்க ஆள் இருக்காது, அல்லது ‘ammaa’ என்று இங்கிலீஷில் அடித்து அது தமிழாக மாறும்வரை காத்திருப்பார்கள். நான் டைப்ரைட்டர் விசைப்பலகை முறையிலேயே பார்க்காமல் அடிப்பேன். அரசு ஆபீஸிலிருந்து வானவில் என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் வரும் ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத நம் கம்ப்யூட்டரில் திறந்தால் புரியாத இங்கிலீஷ் எழுத்துகளாகத் தெரியும், அதை யூனிகோடுக்கு மாற்றி, மாறாத எழுத்துகளைத் திருத்திக் கொடுப்பதும் என் வேலையானது. மூன்றாவது இடத்தில் இரண்டாம் வருஷமே 1,500 ரூபாய் கூட்டித் தந்தார்கள், காரணம் இதுதான்.

இங்கிலீஷ் ஹையர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிமிஷத்துக்கு 45 வார்த்தை, பத்து நிமிஷம் ஸ்பீடு பேப்பர் என்பதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது பேப்பர், அந்த லெட்டரும் ஸ்டேட்மென்ட்டும். எழுத்தை எண்ணி, நடுவில் நிறுத்தி, பத்தி பத்தியாக (column) பிரித்து மெஷினில் அடித்துப் பழகிய கண்ணுக்கு, எக்செல்லில் ஒரு அட்டவணை கோணலாக இருந்தால் உடனே உறுத்தும்.

ஷார்ட்ஹேண்ட் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. லோயருக்கு நிமிஷத்துக்கு 80 வார்த்தை, ஹையருக்கு 120. நான் லோயரோடு நிறுத்திவிட்டேன், பிட்மன் முறை ஷார்ட்ஹேண்ட் கோடுகளில் மெல்லியது இங்கிலீஷ் ‘P’, அதையே அழுத்திப் போட்டால் ‘B’ என்று அந்த வித்தியாசம் பிடிபட்ட நேரத்தில் நிறுத்தியிருக்கக் கூடாது. இப்போது எம்.டி. வாட்ஸ்ஆப்பில் பேசி அனுப்பிவிடுகிறார், டிக்டேஷனே இல்லை. மீட்டிங்கில் குறிப்பெடுக்க மட்டும் உதவுகிறது. பழகாவிட்டால் கை மறந்துவிடும், சர்டிபிகேட்டில் இருக்கும் 80 என் கையில் இன்று இல்லை.

வெளிநாட்டுச் சர்டிபிகேட் பற்றியும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் செக்ரட்டரிகளின் சங்கமே 1951-லிருந்து பரீட்சை நடத்துகிறது, முன்பு சி.பி.எஸ். (சர்டிஃபைட் புரொஃபெஷனல் செக்ரட்டரி) என்றார்கள், இப்போது சி.ஏ.பி. (சர்டிஃபைட் அட்மினிஸ்ட்ரேட்டிவ் புரொஃபெஷனல்). 2019-ல் எழுதலாமா என்று யோசித்து, அப்போதைய எச்.ஆரிடம் கேட்டேன், அவர் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை. டாலரில் கட்டணம் கட்ட மனசு வரவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகும் எண்ணம் இருப்பவர்கள் யோசிக்கலாம், மதுரைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. ஒரு இடத்தில் சேரும்போது ஒரிஜினல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டபோது திருப்பித் தர இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள், அதனால் கைக்கு வந்த இன்னொரு வேலை போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்க்கட்டும், அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

போன மாதம் அக்கா மகள், "சித்தி, பி.காம். முடிச்சிட்டேன், எதுல சேரட்டும்?" என்று கேட்டாள். தமிழ் லோயரில் சேர்த்துவிட்டேன். நானும் கூடவே போய், சனி ஞாயிறுகளில் அதே இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் டிக்டேஷனுக்கு உட்கார ஆரம்பித்திருக்கிறேன். இப்போதைக்கு 60 வருகிறது.