சந்திரதால் குழுச் சுற்றுலா: முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோடை தொடங்கினாலே 'இமயத்தின் பள்ளத்தாக்குகளும் ஏரிகளும்' என்று விளம்பரங்கள் வரிசைகட்டும். நீலமான ஏரி, கரையோரம் கூடாரங்கள், மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் வானம். பெரும்பாலும் அது இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பக்கம் இருக்கும் சந்திரதால் ஏரி. படம் அழகுதான். ஆனால் சந்திரதால் கரையில் கூடாரம் அடிக்க அனுமதி கிடையாது. 2005-ல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி பாதுகாக்க வேண்டிய ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. கூடாரங்கள் எல்லாம் ஏரிக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கின்றன. வண்டியும் கரை வரை போகாது, கடைசிக் கொஞ்ச தூரம் நடந்துதான் போக வேண்டும். அதனால் 'ஏரிக்கரையில் ஓர் இரவு' என்று யாராவது விற்றால், அந்த ஒரு வரியிலேயே அவர்களை எடைபோட்டுவிடலாம்.

எங்களுக்கு விற்ற நிறுவனம் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடப்பதால் பெயரை எழுதவில்லை. தலைக்கு 26,500 ரூபாய், டெல்லியில் ஏறி டெல்லியில் இறங்குவது, விமானச் செலவு நம்முடையது. தமிழ் பேசும் வழிகாட்டி, இருவருக்கு ஒரு கூடாரம், வண்டியில் ஆக்சிஜன் என்றெல்லாம் அட்டவணையில் இருந்தது. அதில் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பது பெரிய விஷயமில்லை. சாப்பாடு மோசம், வெந்நீர் வரவில்லை என்று புலம்புவதற்காகவும் இதை எழுதவில்லை. அவர்கள் பாதையைத் திருப்பினார்கள். அதனால் ஒருவர் சாகக் கிடந்தார்.

ஸ்பிதிக்குப் போக இரண்டு வழிகள். சிம்லா, கின்னௌர் வழியாகப் போவது நீண்ட வழி. சிம்லா சுமார் 7,200 அடி, சாங்லா பள்ளத்தாக்கு 9,000 அடிக்குக் கொஞ்சம் குறைவு, கல்பா 9,700, நாக்கோ 12,000, தாபோ கொஞ்சம் இறங்கி 10,700, பிறகு காஜா 12,000. இப்படி இரவுக்கு இரவு உடம்பைப் பழக்கிக்கொண்டே ஏறி, கடைசியில் குன்சும் கணவாயைக் கடந்து 14,000 அடி உயரத்தில் இருக்கும் சந்திரதாலுக்கு வந்து, மணாலி வழியாக இறங்கிவிடலாம். மணாலியிலிருந்து நேராக ஏறுவது குறுக்கு வழி. 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு இன்னும் சுலபம். காலையில் மணாலியில் 6,700 அடி, சாயங்காலம் சந்திரதாலில் 14,000 அடி. வண்டி ஏறிவிடும், உடம்பு ஏறாது. 3,000 மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மணாலியிலிருந்து சந்திரதால் போனால் ஒரே நாளில் 2,200 மீட்டர் கூடுகிறது.

நாங்கள் பணம் கட்டியது முதல் வழிக்கு. சாங்லா, சித்குல், கல்பா, நாக்கோ ஏரி, 996-ல் நிறுவப்பட்ட தாபோ மடாலயம் எல்லாம் அட்டவணையில் இருந்தன. டெல்லியில் வண்டி ஏறும் அன்று மதியம் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி: 'கின்னௌரில் நிலச்சரிவு. உங்கள் பாதுகாப்புக்காக மணாலி வழியாகத் தொடங்குகிறோம். எல்லா இடமும் திரும்பும்போது பார்க்கலாம்.' ஜூலை மாதம், மழைக்காலம். கின்னௌரில் மலை சரிவது அடிக்கடி நடப்பதுதான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வண்டி டெம்போ டிராவலர். நம்பர் பிளேட் வெள்ளை, அதாவது ஓன் போர்டு. வாடகைக்கு ஓட்டக் கூடாத வண்டி. விபத்து நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்திருக்கும். தமிழ் பேசும் வழிகாட்டிக்குப் பதில் 'டிரிப் கேப்டன்' என்று ஒரு டெல்லிப் பையன் வந்தான். வயது இருபத்திரண்டு இருக்கும். இந்தி, கொஞ்சம் ஆங்கிலம். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. போன பயணத்துச் சம்பளமே இன்னும் வரவில்லை என்று பின்னால் சொன்னான். ஆனால் இந்தியே தெரியாத வயதானவர்களை நம்பி அனுப்பும் குழுவுக்கு அவனை அனுப்பியவர்கள்மேல் கோபம் இருக்கிறது.

மணாலியில் ஒரே ஓர் இரவு. மறுநாள் விடியற்காலையில் கிளம்பியிருக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. சந்திரதால் போகும் வழியில் கிராம்ஃபூ என்ற இடத்திலிருந்து பாதல் என்ற இடம் வரை உள்ள சாலையைச் சாலை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பல இடங்களில் ஓடைகள் குறுக்கே பாயும், பாலம் கிடையாது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் ஓடையில் தண்ணீர் கூடிவிடும். அந்தப் பக்கத்து ஓட்டுநர்கள் அதனால்தான் இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடுகிறார்கள். எங்கள் ஓட்டுநருக்கு அந்த ரோடு புதிது. பத்து மணிக்கு மேல் கிளம்பினோம். மூன்று மணி வாக்கில் ஓர் ஓடையில் பின்சக்கரம் கல்லுக்குள் இறங்கி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் முழங்காலளவு பனித் தண்ணீரில் இறங்கித் தள்ளினோம். கால் மரத்துப்போய்விட்டது. கடைசியில் எதிரே வந்த லாரிக்காரர்கள்தான் கயிறு கட்டி இழுத்துவிட்டார்கள். பணம் கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார்கள்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. இருவருக்கு ஒன்று என்று சொன்ன கூடாரத்தில் நான்கு பேர். அதைப் பற்றிச் சண்டை போடக்கூட யாருக்கும் தெம்பில்லை. எல்லோருக்கும் தலைவலி, பாதிப் பேருக்கு வாந்தி. எங்களோடு ஈரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அவரை 'சார்' என்றும், அந்த அம்மாவும் பள்ளிக்கூடத்தில் இருந்தவர் என்பதால் 'டீச்சர்' என்றும் கூப்பிட்டோம். ராத்திரி பத்து மணிக்கு டீச்சர் வந்து எங்கள் கூடாரத்தைத் தட்டினார்.

"தம்பி, சார் பேசுறது எனக்குப் புரியல. நடக்கச் சொன்னா தள்ளாடுறார். கொஞ்சம் வந்து பாருங்க."

குழுவில் ஒரு நர்ஸ் அக்கா இருந்தார். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரைச் சொந்தமாகவே கொண்டுவந்திருந்தார். எங்களுக்கெல்லாம் 80-ஐ ஒட்டிக் காட்டியது. அந்த உயரத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அது பெரிய ஆச்சரியமில்லை. சாருக்கு 62. பேச்சு குழறி, நடை தள்ளாடினால் அது சாதாரணத் தலைவலி இல்லை, மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறி, உடனே கீழே இறக்க வேண்டும், விடியும் வரைகூடக் காத்திருக்கக் கூடாது என்று அக்கா கறாராகச் சொன்னார். வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறதே, எடுங்கள் என்றோம். கேப்டன் கொண்டுவந்து கொடுத்தது கொசு மருந்து டப்பா அளவில் ஒரு ஸ்பிரே கேன். சில நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. எங்கள் ஓட்டுநர் ராத்திரியில் வண்டி எடுக்க முடியாது என்று போர்வைக்குள் புகுந்துகொண்டார். டெல்லிக்கோ சென்னைக்கோ பேசலாம் என்றால் அங்கே எந்த சிக்னலும் கிடையாது.

காப்பாற்றியது முகாம்காரர். லாஹௌல் மனிதர். ஒரு வார்த்தை கேட்காமல் தன் பொலேரோவை எடுத்தார், தன்னிடம் இருந்த பெரிய சிலிண்டரை ஏற்றிக்கொண்டார். காஜா பக்கம் போனால் இன்னும் உயரமான குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும், அதனால் வந்த வழியிலேயே கீழே இருக்கும் சத்ரூ பக்கம்தான் இறங்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். ராத்திரி குளிரில் உருகல் நின்று, ஓடைகளில் தண்ணீர் வடிந்திருந்தது. கூட நர்ஸ் அக்காவும் நானும் போனோம். சத்ரூ தாண்டியதுமே சார் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். விடியும்போது கேலாங் அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள், பிழைத்துவிட்டார். முகாம்காரர் டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்.

இது ஏதோ எங்களுக்கு மட்டும் நடந்த துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூலையில் அதே சந்திரதாலில், பருவம் தப்பிக் கொட்டிய பனியில் 250 பேருக்கு மேல் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். உடம்பு முடியாதவர்களை விமானப்படை ஹெலிகாப்டர் வந்து எடுத்துப் போனது. மற்றவர்களை குன்சும் பக்கத்துப் பனியை வெட்டி வழி செய்து வெளியே கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு இடம் அது. உடம்பு பழகாத கூட்டத்தை அங்கே முதல் இரவே கொண்டுபோய்ப் படுக்க வைக்கலாமா?

மற்றவர்கள் மறுநாள் ஏரியைப் பார்த்துவிட்டு காஜா போனார்கள். நானும் அக்காவும் கிடைத்த வண்டியைப் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்துகொண்டோம். வழியில் இறங்கி ஏரியைப் பார்த்தேன், ஏன் மறைக்க வேண்டும், அழகாகத்தான் இருந்தது.

பொய் காஜாவில் வெளியே வந்தது. நாங்கள் தங்கிய விடுதியிலேயே அன்று சாயங்காலம் இன்னொரு குழு வந்து இறங்கியது. அதே நிறுவனம், அதே அட்டவணை, தலைக்கு எங்களைவிட இரண்டாயிரம் குறைவு. எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டேன். சிம்லா, கல்பா, நாக்கோ. ரோடு எப்படி? "சூப்பர் சார், எங்கேயும் நிக்கவே இல்ல." நிலச்சரிவே இல்லை. இரண்டு குழுவுக்கு வண்டி போதவில்லை, அதனால் ஒரு குழுவை இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் ஏற்றி, நடுவில் வண்டிகளை மாற்றிக்கொள்வது அவர்கள் திட்டம். கேப்டனை உட்கார வைத்துக் கேட்டதும் ஒப்புக்கொண்டான். திரும்பும்போது கின்னௌர் பார்க்கலாம் என்றார்களே? அதுவும் இல்லை. வந்த வழியே மணாலிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாங்லா, சித்குல், கல்பா, நாக்கோ, தாபோ எதுவும் நாங்கள் பார்க்கவில்லை.

ஊர் திரும்பிப் பணத்தைக் கேட்டதும் வாட்ஸாப் குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினார்கள், அப்புறம் கேள்வி கேட்டவர்களை ஒவ்வொருவராக நீக்கினார்கள். 'அட்டவணை மாற்றத்துக்கு உட்பட்டது' என்ற ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஈரோட்டு சாருக்கு வந்த பதில் இன்னும் கேவலம்: அவர் பாதியில் தானாக விலகிக்கொண்டாராம், அதனால் எதுவும் திரும்பத் தர முடியாதாம். பணம் போனது நிறுவனக் கணக்குக்கு இல்லை, ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. ரசீதில் போட்டிருந்த ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் தட்டிப் பார்த்தால் ஏதோ துணிக்கடைப் பெயர் வருகிறது.

இந்த ஜிஎஸ்டி எண்ணைத் தேட ஒரு நிமிடம் ஆகாது, முன்பணம் கட்டும் முன்பே செய்துவிடலாம். ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று கேளுங்கள்: ஒவ்வொரு இரவும் எந்த ஊரில், எத்தனை அடி உயரத்தில் படுக்கப் போகிறோம்? ஒழுங்காக நடத்துகிறவர் இதற்குத் தடுமாறாமல் பதில் சொல்வார். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள். பாதை மாறினால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், யாருக்காவது முடியாமல் போனால் கீழே இறக்கும் வண்டிக்கு யார் பொறுப்பு என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வண்டி டி போர்டா என்று ஏறும்போதே பாருங்கள். ரோடு மூடியிருக்கிறது என்று சொன்னால் நிறுவனத்தை மட்டும் நம்ப வேண்டாம். லாஹௌல் ஸ்பிதி மாவட்டப் போலீஸ் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் சாலை நிலவரத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறது, காஜா, கல்பா விடுதிகளுக்கு ஒரு போன் போட்டாலும் சொல்லிவிடுவார்கள்.

ஏமாந்தவர்களுக்கு: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். அதற்கே அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். சாருக்கு மட்டும் பாதிப் பணம் தருகிறோம், எழுத்தில் எதுவும் கேட்கக் கூடாது என்றார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் ஊர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வாட்ஸாப் குழுவிலிருந்து உங்களைத் தூக்குவதற்கு முன் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள், முதலில் காட்டிய விளம்பரத்தையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எங்கள் வழக்கில் அந்த 'நிலச்சரிவு' செய்தியும், காஜாவில் சந்தித்த குழுவினர் அதே நாட்களில் கல்பாவில் எடுத்த படங்களும்தான் முக்கியச் சான்றுகள்.