ஓக் கொட்டையா பாசிப்பயறா? கொரியா வீட்டு 'முக்' ரெண்டும்

கொரியாக்காரங்க வீட்டுல 'முக்'னு ஒண்ணு செய்வாங்க, ஸ்டார்ச்சைத் தண்ணில கரைச்சு கிண்டி ஆறவிட்டா ஜெல்லி மாதிரி இறுகிடும், அதை வெட்டி சாஸ் ஊத்தி சைடு டிஷ்ஷா வைப்பாங்க. இதுல டோட்டோரிமுக்தான் ஆச்சரியம், ஏன்னா அது ஓக் மரத்துக் கொட்டை! சும்மா வாயில போட்டா டானின் துவர்ப்பு தாங்காது, அதனால அரைச்சு, தண்ணிய மாத்தி மாத்தி ஊறவச்சு கசப்பை எடுத்துட்டு, அடியில தங்குற மாவைத்தான் காயவைக்கிறாங்க. பஞ்சகாலத்துல வயித்தை நிரப்புனது, இப்போ மலையடிவாரத்து ஹோட்டல்கள்ல ஜனங்க தேடிப்போய் சாப்பிடுறாங்க.

சோங்போமுக் பாசிப்பயறு ஸ்டார்ச்ல செய்றது. வெள்ளையா, வழவழன்னு, தனி ருசின்னு பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா அந்தஸ்து இதுக்குத்தான், மாட்டிறைச்சி, மினாரி கீரையோட கலந்தா தாங்ப்யோங்சே, அரண்மனைச் சாப்பாடுன்னு பேரு வாங்குனது. ஜியோன்ஜு ஊரோட பிபிம்பாப்ல (காய்கறி, இறைச்சி எல்லாம் போட்டுக் கலந்து சாப்பிடுற சோறு) இதையே மஞ்சள் கலர்ல போடுவாங்க.

செய்முறை ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், 1 கப் ஸ்டார்ச்சுக்கு 5, 6 கப் தண்ணி, கை விடாம கிண்டணும், இல்லன்னா அடிபிடிச்சிரும். ஃபிரிட்ஜ்ல வச்சா வெள்ளை முக் இறுகி மங்கிடும், துண்டு துண்டா வெட்டி, கொதிக்கிற தண்ணில கொஞ்சம் போட்டு எடுங்க, பழையபடி ஆகிடும்.

என் ஓட்டு ஓக் கொட்டைக்கு. சோயா சாஸ், மிளகாய்த்தூள், பூண்டு, வறுத்த எள்ளெண்ணெய் எல்லாம் சேர்ந்தாலும் அந்த லேசான துவர்ப்பு தனியா தெரியும், கோடைல ஐஸ் போட்ட சூப்புல சோறோட கலந்து 'முக்பாப்'னு ஒரு சாப்பாடாவும் அடிக்கலாம். காரம் ஆகாத குழந்தைகளுக்குன்னா பாசிப்பயறு, உப்பு, எள்ளெண்ணெய், நொறுக்குன காய்ஞ்ச கடல்பாசித் தாள் போதும்.