செட்டிநாட்டு வீட்டில் சென்சார்: முகப்பிலா, வளவிலா, மாடியிலா?

பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாமான் அறையில் ஈரம் ஏறுகிறதா என்று வெளியூரில் இருந்தே பார்க்க, சின்னஞ்சிறு பேட்டரி சென்சார்கள் போதும். எந்த பிராண்டு வாங்கலாம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அவற்றின் தகவலை வாங்கிக் கடத்தும் கருவிகளை எங்கே வைப்பது என்ற கேள்விதான் முந்த வேண்டும்.

இன்டர்நெட் வயர் முகப்பு வழியாக வருவதால் கேட்வேயும் (சென்சார் தகவலை வாங்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பும் பெட்டி) பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்துவிடும். கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இது சரிவராது. முகப்புக்கும் உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவே கனத்த செங்கல் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. சாய்வாகப் போகும் சிக்னலுக்குச் சுவரின் கனம் இன்னும் கூடும். போதாக்குறைக்கு, ஜிக்பீயும் (சின்னச் சென்சார்கள் பேசும் குறுந்தூர ரேடியோ முறை) பெரும்பாலான வைஃபை ரூட்டர்களும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால் ரூட்டரை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். ஜிக்பீ சேனலை 25க்கு மாற்றிப் பாருங்கள். தொலைந்த தகவலைச் சென்சார் திரும்பத் திரும்ப அனுப்பும்போது கரைவது பேட்டரிதான்.

வளவு, அதாவது வீட்டின் நடுமுற்றம், வேறு கதை. சுற்றியுள்ள அறைகளின் வாசல்கள் அதைப் பார்த்தே திறக்கின்றன; நடுவே தடையில்லாத வெளி. வளவின் எதிரெதிர் மூலைகளில், தாழ்வாரத்துக்குள் ஆளுயரத்துக்கு மேல் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் இரண்டு இருந்தால் அவை சிக்னலை வாங்கிக் கடத்தும் ரிப்பீட்டராகி, ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொள்ளும், அறைகளையும் எட்டும். கல்தூண், தேக்குத்தூண் பக்கம் வைக்கலாம். இரும்புத்தூணை ஒட்டி வேண்டாம். அலைநீளமே 12.5 சென்டிமீட்டர்தான் என்பதால், ஒரு சாண் நகர்த்தினாலே செத்த இடத்தில் சிக்னல் உயிர்பெறும். அறைக்குள் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் சென்சாரை ஒளிக்காதீர்கள். வாசல் பக்கச் சுவரே நல்லது. ஆன்டெனாக்கள் எல்லாம் ஒரே வாக்கில், செங்குத்தாக நிற்கட்டும்.

ஒரு பெரிய குறை உண்டு. ஊருக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்தால் பிளக்குகளும் அணைந்துவிடும். பேட்டரி சென்சார்கள் அடுத்தவர் தகவலைக் கடத்தாது.

அப்போதுதான் மாடியில் லோரா (வெகுதூரம் எட்டும் இன்னொரு ரேடியோ முறை) கேட்வே கைகொடுக்கும். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸுக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஒரே கருவி என்பதால் சின்ன சோலார் பேனலிலேயே ஓடும். வேகம் குறைவு, ஆனால் ஈரப்பத அளவுக்கு அது போதும். கொல்லைக் கிணறு, ஊரணி வரை எட்டவும் இதுதான் வழி. அரை கிலோமீட்டர் தூரத்துக்கு, கேட்வேக்கும் சென்சாருக்கும் இடையிலான நேர்கோட்டைச் சுற்றி, நடுவழியில் ஆறரை மீட்டர் தடையில்லாத வெளி இருந்தால் நல்லது. உயரம் கேட்பது அதனால்தான். வளவின் மேல் நெருக்கமான கம்பி வலை போட்ட வீடுகளில் மட்டும் கவனம் வேண்டும்: லோராவின் நீண்ட அலைக்கு அந்த வலை கூடுதல் தடை.

ஆள் இருக்கும் வீட்டுக்கு வளவு, பூட்டிய வீட்டுக்கு மாடி என்பதே என் தேர்வு. எதுவானாலும் ஆணி அடிக்குமுன் கதவுகளையெல்லாம் சாத்தி, பாத்திரங்களை அதனதன் இடத்தில் வைத்து, ஒரு நாள் முழுக்க எத்தனை தகவல் தவறுகிறது என்று பாருங்கள். திறந்த வீட்டில் கிடைக்கும் சிக்னல் பூட்டிய வீட்டில் கிடைக்காது.