டிசிரா: ரா படத்தை வெறும் எண்களாக்கித் தரும் பழைய கருவி

படத்தை அழகாக்கித் தர மென்பொருளுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேண்டியது வேறு: ரா கோப்பை (கேமரா சென்சார் பிடித்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு) திறந்து ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவையும் வரிசையாகக் கொட்டினால் போதும், மீதியை நானே எழுதிய குட்டி நிரல் பார்த்துக்கொள்ளும். இந்த வேலைக்குப் பல வருடமாக டிசிரா (dcraw) என்ற நிரல்தான்.

டேவ் காஃபின் 1997இல் எழுதத் தொடங்கியது, மொத்தமும் சி மொழியில் ஒரே ஒரு கோப்பு. பொத்தான், மெனு எதுவும் கிடையாது. கட்டளை அடிக்கும் டெர்மினலில் dcraw என்று அடித்துப் பக்கத்தில் படத்தின் பெயரைக் கொடுத்தால், சத்தமே இல்லாமல் அதே பெயரில் ஒரு பிபிஎம் கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும். அதைத் திறந்தால் தலையில் பி6, அடுத்து 6000 4000, அடுத்து 255, அப்புறம் கடைசி வரை புள்ளிக்கு மூன்று பைட்டாக எண்கள், வேறொன்றும் இல்லை. பத்து வரி நிரலில் படித்துவிடலாம்.

ஆனால் இடத்தை விழுங்கும். 24 மெகாபிக்சல் படம் ஒன்று 72 எம்பி, கட்டளையோடு மைனஸ் 6 (-6) போட்டு 16 பிட்டில், அதாவது நிறத்துக்கு இரண்டு பைட்டாக எடுத்தால் 144 எம்பி. யோசிக்காமல் 300 படத்தை ஒரே மூச்சில் மாற்றப் போய் 43 ஜிபி காலி. இப்போதெல்லாம் மைனஸ் சி (-c) போட்டு, வட்டில் எழுதாமல் பைப் வழியாக நேரே நிரலுக்கு அனுப்பிவிடுகிறேன். 16 பிட்டில் அந்த இரண்டு பைட்டில் மதிப்பு கூடியதுதான் முதலில் வரும், அதை மறந்துவிட்டுப் படித்தால் படம் முழுக்க மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும்.

நான் முழித்தது வெளிச்ச விஷயத்தில். ஒரே சாம்பல் அட்டையை இரண்டு முறை எடுத்தேன், இரண்டாவதில் ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது பாதி வெளிச்சம். எண்கள் பாதியாக வேண்டும் இல்லையா? இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தன! கேமரா மேல் சந்தேகப்பட்டு ஒரு மாலையே போயிற்று. பார்த்தால், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டிசிரா ஒவ்வொரு படத்திலும் 1 சதவீதப் புள்ளிகள் வெள்ளையாகும் அளவுக்கு வெளிச்சத்தைத் தானே ஏற்றிவிடும். கையேட்டில் இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. மைனஸ் 4 போட்டால் அந்த ஏற்றமும், கண்ணுக்கு ஏற்றபடி எண்களை வளைக்கும் காமா வளைவும் போய் 16 பிட் எண்கள் நேர்விகிதத்தில் வரும். அளவெடுக்க அதுதான் சரி, கண்ணுக்கு மட்டும் இருட்டாகத் தெரியும். வெள்ளைச் சமநிலையும் அப்படித்தான், மைனஸ் சின்ன டபிள்யூ (-w) போட மறந்தால் குண்டு பல்பு வெளிச்சத்தில் எடுத்த முகமெல்லாம் ஆரஞ்சுப் பழம்.

எடுத்த தேதி, கேமரா அமைப்பு போன்ற எக்சிஃப் தகவல் எதுவும் பிபிஎம்மில் வராது, ரா கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசிப் பதிப்பு 2018இல் வந்த 9.28, அதனால் கேனனின் சிஆர்3 போன்ற புது வகை ரா கோப்புகள் திறக்காது. புதுக் கேமரா வைத்திருப்பவர்கள் இதே நிரலிலிருந்து கிளைத்த லிப்ரா (LibRaw) பக்கம் போகலாம். அதோடு வரும் டிசிரா எமு (dcraw_emu) என்ற நிரலில் கட்டளைகள் பெரும்பாலும் இதேதான், மைனஸ் சி மட்டும் அங்கே வேறு வேலை செய்யும், பார்த்துப் போடுங்கள்.