புதைந்த நினைவைத் தோண்டி எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்

சிறு வயதில் ஒரு தீ விபத்தில் தப்பித்தவள் நான். பெரியவளான பிறகும் கெட்ட கனவுகள் விடவில்லை. தூங்க முடிந்தால் போதும் என்றுதான் ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசம் மூலம் சிகிச்சை, செய்யும் ஒருவரிடம் போனேன். அவர் தூக்கத்தைப் பற்றி அதிகம் கேட்கவே இல்லை. "நடந்ததில் பாதியை உங்கள் ஆழ்மனம் மறைத்து வைத்திருக்கிறது, அதை வெளியே எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார்.

எனக்கு நினைவிருந்தது புகையும் அலறலும் மட்டும். கண்ணை மூடவைத்து அந்த இரவுக்குப் போகச் சொன்னவர், "கதவுப் பக்கம் ஒருவர் நிற்கிறாரே, யார் அது?" என்று கேட்டார். அப்படி ஒருவர் நின்றதாக நான் சொல்லவே இல்லை. ஆனால் அடுத்தடுத்து போகப் போக அந்த உருவத்துக்குச் சட்டை நிறம் வந்தது, முகம் வந்தது. கடைசியில் என் சித்தப்பா வெளியே நின்று கதவைத் தாழ்ப்பாள் போடுவதையே பார்த்தேன்.

வீட்டில் சொன்னேன். அம்மா சித்தப்பா குடும்பத்தோடு பேச்சை நிறுத்திவிட்டார். சித்தப்பா சண்டைக்கு வரவில்லை. பழைய காகிதங்களைத் தேடி எடுத்து வந்தார். தீப்பிடித்த அன்று அவர் அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் தேதிகள் தெளிவாக இருந்தன. அதைத் தெரபிஸ்டிடம் காட்டினால், "காகிதம் தப்பாக இருக்கலாம், ஆழ்மனம் பொய் சொல்லாது" என்கிறார்! பேசியதன் ஒலிப்பதிவைக் கேட்டேன், தரவில்லை. பணமும் திரும்பவில்லை.

ஆழ்மனம் பொய் சொல்லாது என்ற பேச்சுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், ஹிப்னாடிசத்துக்கு எளிதில் ஆட்படும் 27 பேரை முந்தைய வாரத்து இரவு ஒன்றுக்கு மனதளவில் அழைத்துப்போய், ஏதோ சத்தம் கேட்டு விழித்ததாக எண்ணவைத்தார்கள். பிறகு 13 பேர் அந்தச் சத்தம் உண்மையிலேயே கேட்டது என்றார்கள். எனக்கு நடந்ததும் இதேதான். 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிக்கையும், ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகளில் கற்பனை கலக்கும், அவை சாதாரண நினைவைவிட நம்பகமானவை அல்ல என்றது. கொடுமை என்னவென்றால், நினைவு துல்லியமாகாமலே அதன் மேல் உள்ள உறுதி மட்டும் கூடிவிடுகிறது. சீட்டைக் கையில் வைத்துப் பார்த்த பிறகும் அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது.

தானாகவே நினைவிருக்கும் கொடுமையைச் சொல்பவர்களைச் சந்தேகிக்க இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குத்தான் ஹிப்னாடிசம் இன்னும் ஆபத்து. 1982இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஒரு பாலியல் வன்முறை வழக்கில், விசாரணைக்கு முன் ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தப்பட்ட பெண்ணின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. நிஜமாகவே பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம்கூட இப்படி வீணாகலாம்.

இப்போது நான் பார்க்கும் உளவியலாளர் கனவுக்கும் பயத்துக்கும் நேரடியாகச் சிகிச்சை தருகிறார். மறந்ததைத் தேடச் சொல்வதே இல்லை. தூக்கம் மெல்லத் திரும்புகிறது.

ஏற்கெனவே இப்படி ஒருவரிடம் போய்க்கொண்டிருந்தால், முதல் நாளுக்கு முன்பே உங்களுக்கு என்னென்ன நினைவிருந்தது என்று இன்றே தனியாக எழுதி வையுங்கள். அங்கே போன பிறகு வந்த எதையும், வெளி ஆதாரம் கிடைக்காமல் யார் மேலும் குற்றமாகச் சொல்லாதீர்கள்.